குளிர்ச்சியான முதுகெலும்பு

நான் என்ன படிக்கிறேன் என்று சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போனவன் எலும்பில் போய் எப்படி மாட்டினான் என்பதுதான் எல்லோர் கேள்வியும். நானும் சலிக்காமல் விளக்குவேன். இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் ஐந்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு எலும்புக்கு நடுவில் ஒரு ஜவ்வு. இதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, மேலே பாரம் ஏற்றி, எந்த இடம் எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்க வேண்டும். மூக்கும் முழியும் போல எலும்பும் ஆளுக்கு ஆள் வேறு வடிவம். அந்த வடிவம் மாறும்போது பாரம் தாங்குகிற விதம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஊசி போட முடியாது, அப்படித்தானே என்பார்கள். அப்படித்தான்.

ஆய்வேட்டை எழுதி முடிக்க ஊரில் வந்து உட்கார்ந்த வருஷம் இது நடந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அண்ணனின் தறி செட். விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தால் மாடியில் என் மேஜையும் சேர்ந்து ஆடும். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். இரண்டு வருஷம் முன்னால், நூல் சுற்றிய பாவு பீமை ஒற்றை ஆளாகத் தூக்கித் தறியில் மாட்டப் போனவன் குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டான். கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, இனி பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பீம் தூக்க ஆள் வைத்துக்கொண்டான். அதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் சப்பரத்தைப் பற்றித்தான்.

எங்கள் தெரு அம்மன் கோவிலில் வருஷத்துக்கு ஒரு கொடைத் திருவிழா. கொடையன்று சாயங்காலம் அம்மன் சப்பரத்தில் ஏறித் தெருக்களைச் சுற்றி வருவாள். சப்பரத்துக்கு இரண்டு தண்டு, தண்டுக்கு நான்கு பேர், ஆக எட்டுத் தோள். ஒவ்வொரு தோளுக்கும் ஒரு வீடு உண்டு. இடது தண்டில் முன்னாலிருந்து இரண்டாவது இடம் எங்கள் வீட்டுக்கு. தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், அப்பா போன பிறகு பதினெட்டு வயதிலிருந்து அண்ணன் தூக்கினான். மூன்று கொடை தொடர்ந்து தோள் கொடுக்காதவனுக்கு இடம் போய்விடும். இது எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதிய சட்டத்தை மீற எங்கள் தெருவில் ஆள் உண்டு, இதை மீற ஆள் கிடையாது.

அண்ணன் இரண்டு கொடைக்குத் தோள் கொடுக்கவில்லை. அந்த இரண்டு முறையும் அவன் இடத்தில் நின்றவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். தினமும் ஜிம்முக்குப் போகிறவர். சட்டையைப் பார்த்தாலே தெரியும், அதற்குள் அவர் மட்டும் இல்லை, அவர் ஜிம்முக்குக் கட்டிய சந்தாவும் இருக்கிறது என்று. மூன்றாவது கொடை நெருங்க நெருங்க அவர் எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி அண்ணனின் முதுகை நலம் விசாரித்தார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்த விசாரிப்பைக் கேட்டால் எனக்கே எரிச்சலாக வரும்.

கொடைக்கு இருபது நாள் இருக்கும்போது அண்ணன் ஒருநாள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்து, ஸ்கேன் சி.டி.யை என் மேஜையில் வைத்தான்.

"ஏலே, இதை உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு. நான் தூக்கலாமா, கூடாதா. அதை மட்டும் சொல்லு."

என் பேராசிரியை அடிக்கடி சொல்லுவார், நாம் கட்டுவது புரிந்துகொள்வதற்கான மாடல், எவருக்கும் தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல என்று. அன்றைக்கு அது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் அண்ணன் என்னிடம் ஒரு விஷயம் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை எனக்கு. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சி.டி.யிலிருந்து எலும்பை வரைந்தெடுக்க நாளாகும். எனக்கோ அவசரம். என்னிடம் ஏற்கனவே ஒரு சராசரி முதுகெலும்பு தயாராக இருந்தது. பல பேருடைய ஸ்கேன்களை ஒன்றாகச் சேர்த்து எடுத்த வடிவம். வளைவு அளவானது, ஜவ்வு அளவானது, இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல. அதன் மேல் சப்பரத்தின் பாரத்தை உத்தேசமாகக் கணக்கிட்டு ஏற்றினேன். சராசரி முதுகு முகம் சுளிக்காமல் தாங்கிற்று. ஓடிப்போய், தூக்கலாம் போலத்தான் தெரிகிறது என்று சொன்னேன். அண்ணன் அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டான்.

தோசை சுட்டுக்கொண்டிருந்த மதினி மட்டும் அடுப்பிலிருந்து திரும்பாமலே அது யாருடைய முதுகு என்று கேட்டாள். மதினி, அண்ணன் பெண்டாட்டி, தையல்காரி. தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். நான் சராசரி என்றால் என்ன என்று விளக்கினேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ஊர்ல இருக்க பொம்பளைய எல்லாரையும் அளந்து, கூட்டி வகுத்து ஒரு ஜாக்கெட் தைச்சேன்னு வைங்க தம்பி. அது யாருக்குச் சேரும்?"

நான் மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்த முன்னுரையை மதினி ஒரு தோசை வேகிற நேரத்தில் முடித்துவிட்டாள். பிற்பாடு அதை என் ஆய்வேட்டில் கௌரவமான வார்த்தைகளில் சேர்த்துக்கொண்டேன். நன்றியுரையில் அவள் பெயரைப் போட்டேன், ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்த ஐந்து நாள் அண்ணனின் முதுகெலும்பை வரைந்தேன். ஸ்கேனில் எலும்பு மெல்லிய துண்டு துண்டாகத்தான் வரும். ஒவ்வொரு துண்டிலும் எலும்பின் ஓரத்தை மவுஸால் சுற்றி வரைய வேண்டும். எத்தனையோ பேருடையதை வரைந்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. இது அண்ணனுடையது என்பதால் கை தயங்கியது. சிறு வயதில் இந்த முதுகில் ஏறித்தான் திருவிழாப் பார்த்திருக்கிறேன். உள்ளே இப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வளைவு தட்டையாகிப் போயிருந்தது. நான்காவது ஜவ்வு நசுங்கி இருந்தது. ஒவ்வொரு எலும்புக்கும் பின்பக்கம் கதவுக்குக் கீல் வைத்த மாதிரி இரண்டு சிறிய மூட்டுகள் உண்டு. என் சராசரி ஆளுக்கு இரண்டும் ஒரே கோணம். அண்ணனுக்கு ஒன்று கிழக்கைப் பார்த்தால் இன்னொன்று தென்கிழக்கைப் பார்த்தது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இந்தக் கோணலோடுதான் இத்தனை வருஷமும் தூக்கியிருக்கிறான்.

பாரத்தை ஏற்றிக் கணக்கை ஓடவிட்டேன். கரண்ட் இரண்டு தடவை போயிற்று, இரண்டு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. கடைசியில் படம் வந்தது. இந்தப் படத்தில் அழுத்தம் குறைந்த இடம் நீலம், கூடக் கூடப் பச்சை, மஞ்சள், மிக அதிகமானால் சிவப்பு. இடது தண்டை வெளிப்பக்கம் நின்று தூக்கும் ஆளுக்குப் பாரம் வலது தோளில் உட்காரும். அப்படி ஏற்றியபோது அண்ணனின் நான்காவது ஜவ்வு பின்பக்கம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. அதே பாரத்தை இடது தோளுக்கு மாற்றினால், அதாவது அவன் வலது தண்டுக்குப் போனால், சிவப்பு வடிந்து மஞ்சளாயிற்று. அதே சப்பரம், அதே ஆள். கீல் திரும்பியிருந்த கோணத்தால் வந்த வித்தியாசம். ஆராய்ச்சிக்காரனாக எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பியாக என்ன செய்வதென்று தெரியவில்லை.

படத்தைக் காட்டினேன். மதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "சூடு. நான் அப்பவே சொன்னேன்லா, உடம்பு பூராச் சூடுன்னு."

சிவப்பு சூடு இல்லை, அது அழுத்தம் என்றேன். எந்த நிறம் வேண்டுமோ அதை நாமே வைத்துக்கொள்ளலாம், சும்மா ஒரு அடையாளம் என்றேன். அப்படியானால் பச்சையாக வைத்துவிடேன் என்றான் அண்ணன், கேலியாக இல்லை, நிஜமாகவே. நான் கொள்கைப்படி மறுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவனுக்குக் காலையில் ஊறவைத்த வெந்தயம், பதினோரு மணிக்கு இளநீர், வாரத்துக்கு இரண்டு தடவை நல்லெண்ணெய்க் குளியல். கோழிக்கறி தடை. நாலு நாள் கழித்து மதினி மாடிக்கு வந்து, இப்போது நிறம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள்.

சங்கதி தெருவில் பரவ ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. கொடைக் கமிட்டித் தலைவர் அண்ணாச்சி மற்ற தூக்கிகளோடு மாடிக்கு வந்துவிட்டார். எல்லார் கையிலும் படம். ஒருவர் கொண்டுவந்தது முழங்கால். இன்னொருவர் கொண்டுவந்தது அவர் மனைவியின் மணிக்கட்டு, வீட்டில் இருந்தது அது ஒன்றுதான் என்றார். செல்போன் கடைக்காரர் இதற்கென்றே திருநெல்வேலிக்குப் போய்ப் புது ஸ்கேன் எடுத்து வந்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருவருக்கு ஜவ்வு தடிமன். ஒருவருக்கு வளைவு அதிகம். வலது தண்டில் இரண்டாவது நிற்பவருக்கு ஐந்துக்குப் பதிலாக ஆறு எலும்பு. சிலருக்கு அப்படி இருப்பதுண்டு என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. ஐந்து எலும்புக்காரர்களிடம் சற்று இரக்கமாகப் பேச ஆரம்பித்தார்.

நான் சமயம் பார்த்து என் யோசனையைச் சொன்னேன். அண்ணனும் ஆறு எலும்புக்காரரும் பக்கம் மாற்றிக்கொண்டால் என்ன? இருவரும் ஒரே உயரம், இரண்டும் இரண்டாவது இடம். ஆறு எலும்புக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வலது தண்டு அவர் அப்பா தோள் பட்டது, நாளைக்குச் செத்து மேலே போனால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்றார். அதைக் கேலி செய்ய எனக்குத் துணைக்கு ஆள் இல்லை, ஏனென்றால் அண்ணனும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இடது தண்டு எங்கள் அப்பா தோள் பட்டது.

அப்போதுதான் மதினி காப்பித் தட்டோடு வந்தாள். வந்தவள் திரையைப் பார்த்து, நிறம் பார்க்க வந்த அன்றைக்குத் திரையில் ஒன்று தலையிலிருந்து கால் வரை நீலமாக இருந்ததே, அது யாருடையது என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கல்லூரியில் நோயில்லாத ஆட்களின் ஸ்கேன் தேவைப்பட்டபோது நானும் போய்ப் படுத்திருந்தேன், அது என்னுடையதுதான் என்று சொல்லி, எடுத்தும் காட்டினேன். ஐந்து எலும்பும் நான்கு ஜவ்வும் வானம் மாதிரி நீலம். ஒரு இடத்தில்கூடப் பச்சை இல்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு குளிர்ச்சியான முதுக நான் பாத்ததே இல்ல தம்பி."

அதன் மேல் இன்னும் பாரம் ஏற்றவில்லை, ஏற்றாத எலும்பு நீலமாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. எனக்கு மட்டும்தான் ஏறிற்று. பத்தாம் வகுப்போடு அண்ணன் தறிக்குப் போனான், நான் படித்தேன். வீட்டில் அரிசி மூட்டை வந்தாலும் கேஸ் சிலிண்டர் வந்தாலும், நீ போய்ப் படி என்று அவன்தான் தூக்குவான். என் முதுகில் அதுவரை ஒருவரும் எதையும் ஏற்றியதில்லை என்பது அந்தத் திரையில் பச்சையாக, இல்லை, நீலமாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

தம்பி தூக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒரே வீட்டுத் தோள்தானே, இந்த வருஷம் தம்பி நின்றால் இடம் வீட்டை விட்டுப் போகாது என்றார் அண்ணாச்சி. செல்போன் கடைக்காரர் முகம் விழுந்தாலும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. இந்தக் கொடையை நான் சமாளித்துவிட்டால், பயிற்சியெல்லாம் செய்து முதுகைத் தேற்றிக்கொண்டு அடுத்த கொடைக்கு அண்ணன் வந்துவிடலாம். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் கொஞ்ச நேரம் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றான்.

பேராசிரியைக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். பாரமே ஏற்றாத படத்தை வைத்து ஒரு தெருவே முடிவெடுத்ததா என்று கேட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, பத்திரம், உன் முதுகின் மேல் நீ இன்னும் கணக்கே ஓட்டவில்லை என்றார். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று யோசித்தேன். பயமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கொடையன்று இன்னொரு சிக்கல். நான் மற்ற ஏழு பேரையும்விட ஒரு சாண் உயரம். தண்டு என் தோளில் மட்டும் உட்கார்ந்து மற்றவர்கள் தோளுக்கு மேலே மிதந்தது. சும்மாடு வைத்து உயர்த்திக்கொள்வது வழக்கம்தான் என்றாலும் ஒருவனுக்காக ஏழு பேர் வைத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. எனக்கு முன்னால் நின்றவர் தோளில் மூன்று துண்டு. ஆறு எலும்புக்காரர் தனக்கு வேண்டாம் என்று கௌரவமாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு அவரும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். தண்டு உறுத்தக் கூடாதென்று என் தோளிலும் ஒரு துண்டை நான்காக மடித்து வைத்தவன் அண்ணன். வைத்துவிட்டு உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினான்.

மேளம் கிளம்பியது. சப்பரம் எழுந்தது. அந்த நிமிஷம் எனக்கு என் ஆராய்ச்சி முழுவதும் ஒரே அடியில் விளங்கிற்று. மூன்றாவது ஜவ்வு இது, நான்காவது ஜவ்வு இது என்று எனக்குள் ஒவ்வொன்றும் பேர் சொல்லிக் கூப்பிட்டது. உலகத்தில் எந்தத் தூக்கிக்கும் இவ்வளவு விவரம் தெரிந்திருக்காது. என் மாடலில் பாரம் நேர் மேலிருந்து அடக்கமாக இறங்கும். இங்கே அம்மன் ஆடிக்கொண்டே வந்தாள். மேளக்காரர் வேகம் பிடிக்கும்போது முன்னால் நிற்பவர்கள் குலுக்குவார்கள், பின்னால் நிற்பவர்கள் எதிர்க் குலுக்கல் குலுக்குவார்கள், நடுவில் மாட்டியவன் கதி அவனுக்குத்தான் தெரியும். என் மாடலில் மேளம் கிடையாது. வேகத்தடையும் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் செல்போன் கடைக்காரர் பக்கத்தில் வந்து, முடியலைன்னா சொல்லுங்க என்று மெதுவாகக் கேட்டார். செத்தாலும் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் என் பக்கத்திலேயே நடந்து வந்தான். நான் இடது கால் வைத்தால் அவனும் இடது கால் வைத்தான். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் கவனித்தேன், அவன் வலது தோள் கொஞ்சம் தூக்கியே இருந்தது. கை, இல்லாத ஒரு தண்டைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வலியைப் பற்றி நினைக்க முடியவில்லை.

எப்படியோ சப்பரம் கோவிலுக்குத் திரும்பி இறங்கியது. நான் நிமிர முயன்று, பாதியில் நின்று, கோவில் தூணைப் பிடித்துக்கொண்டேன். தூக்கியவர்களுக்கு அண்ணாச்சி ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மாலை போட்டு, தேங்காய் மூடி கொடுப்பார். இடது தண்டு முதலாவது முடிந்தது. இடது தண்டு இரண்டாவது என்று சொல்லி, என் பேரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் நான் கேட்டது அண்ணன் பேரைத்தான். எனக்கு முந்திய இரண்டு வருஷமும்கூட, செல்போன் கடைக்காரர் தூக்கியபோதும், அண்ணன் பேரைச் சொல்லி, அவருக்காக இவர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் போய், அண்ணன் பேரைச் சொல்லுங்கள், நான் அவனுக்காகத்தான் தூக்கினேன் என்றேன்.

அண்ணாச்சி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் புரியாமல் பார்த்தார்.

"மூணாவது கொடையில யாரு தோள் பட்டுதோ அவனுக்குத்தான் தம்பி இடம். இனிமே உமக்குத்தான். அன்னைக்கு உம்ம அண்ணன் சரின்னு சொன்னது அதுக்குத்தான?"

நான் திரும்பிப் பார்த்தேன். எலும்பு எலும்பாக அவனை அளந்திருந்தேன். எந்தக் கீல் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு அவன் எதைக் கொடுத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. செல்போன் கடைக்காரர் தூக்கியிருந்தால் இடம் வீட்டை விட்டுப் போயிருக்கும். நான் தூக்கியதால் அவனை விட்டு மட்டும் போயிற்று.

"அண்ணே, உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னல. போய் மாலைய வாங்கு, எல்லாரும் நிக்காங்க."

குனிந்து மாலை வாங்கினேன். நிமிரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் தேங்காய் மூடியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அண்ணன் பக்கத்தில் வந்து என் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்து, முதுகு வலிக்குதால என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.